ஏழாவது கிரீனுக்கு அடியில்

இன்று காலை பாலக்கரையில் மெக்கானிக் பாய் என் வண்டிக்கு அடியில் தட்டை வைத்துப் பழைய ஆயிலை இறக்கினார். கறுப்பாக, அவசரமே இல்லாமல் வடிந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிவிட்டது. "என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? உள்ள வந்து ஃபேனுக்கு அடியில உக்காருங்க" என்றார் பாய். "வெயிலுங்க பாய்" என்று சொல்லிவைத்தேன். செத்துப்போன ஒருத்தன்மேல் கோபம் என்று சொன்னால் மனுஷன் வண்டிச் சாவியைத் திருப்பித் தரவே யோசிப்பார்.

ஆமாம்டா, உன்மேல்தான். நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. ஊரில் எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதாகப் பேசி முடித்து, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். தங்கமான மனுஷன், யாரையும் ஒரு சொல் சொல்லமாட்டார், எந்த நேரமும் சிரித்த முகம். கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிற்று. எனக்கு இன்னும் பேசி முடியவில்லை. நேரில் நின்று கத்த ஆள் இல்லாததால் எழுதுகிறேன். அஞ்சலி, கண்ணீர் என்று எதையாவது எதிர்பார்த்தால் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள். எங்கே இருக்கிறாயோ அங்கேயும் உனக்கு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் கதை விடு.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து தொழில் தொடங்கியபோது வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. மண்ணும் புல்லும் என் பொறுப்பு. வாய் உன் பொறுப்பு. பள்ளிக்கூட மைதானம், கிரிக்கெட் பிட்ச், பெரிய வீட்டுத் தோட்டம் எதுவானாலும் நான் முட்டியளவு மண்ணில் நிற்பேன், நீ சட்டை மடிப்புக் கலையாமல் கரஸ்பாண்டென்ட் அறையில் காபி குடித்துக்கொண்டிருப்பாய். எனக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. எனக்குப் பேச வராது. பேசினால் சண்டையில்தான் முடியும். "நீ வாயைத் திறக்காதேடா, நான் பார்த்துக்கறேன்" என்று வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டு உள்ளே போவாய். வெளியே வரும்போது வேலை நம் கையில் இருக்கும்.

ஆனால் உன் வாயில் ஒரே ஒரு சொல் மட்டும் வராது. ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டுக்கு முதல்முறை சாப்பிட வந்த அன்றே அதற்குக் காரணம் தெரிந்துபோயிற்று. உன் மனைவி வைதேகி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அரிசி நிறைஞ்சிருக்கு, வரும்போது வாங்கிண்டு வாங்கோ" என்றாள். நிறைந்திருந்தால் எதற்கு வாங்க வேண்டும் என்று நான் திருதிருவென்று விழித்தேன். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். வீட்டில் எது தீர்ந்தாலும் இல்லை என்று சொல்லக்கூடாது, வாயால் இல்லை என்றால் இல்லாமலே போய்விடும், அதனால் நிறைந்திருக்கிறது என்று சொல்வோம் என்று விளக்கினாய். நல்ல பழக்கம்தான். அரிசிக்கும் பருப்புக்கும் நல்ல பழக்கம். நீ அதைச் சிமெண்டுக்கும் ஜல்லிக்கும் கொண்டுவந்தாயே, அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. லாரி கிளம்பியே இருக்காது, "வந்துண்டே இருக்கு சார்" என்பாய். ஆள் கிடைத்திருக்காது, "ஆயிடும் சார்" என்பாய். உன் வாயிலிருந்து இல்லை, முடியாது என்று ஒருநாளும் வந்ததில்லை. வந்திருந்தால் நான் இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த கோல்ஃப் கிளப் வேலையும் உன் வாயால் வந்ததுதான். ஊருக்கு வெளியே, திண்டுக்கல் ரோட்டுப் பக்கம், ஒன்பது குழி வைத்த பழைய மைதானம். குழியைச் சுற்றி, பந்தை மெல்ல உருட்டித் தள்ளுகிற வட்டம் ஒன்று உண்டு. மற்ற ஊர்களில் அது புல்லால் இருக்கும், கிரீன் என்பார்கள். நம் வெயிலுக்கும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் புல் தாங்காது என்று இங்கே அந்தக் காலத்திலேயே மணலில் பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து பரப்பி வைத்திருந்தார்கள். காற்றில் பறக்காது, பந்தும் சீராக உருளும். அதற்குப் பெயர் பிரவுன். அந்த ஒன்பது பிரவுனையும் தோண்டி எடுத்துவிட்டுக் கிரீன் ஆக்க வேண்டும், ஆனி பிறப்பதற்குள் திறப்புப் போட்டி வைக்க வேண்டும் என்றார் கிளப் செகரட்டரி. ரிட்டயரான பெரிய ஆபீசர். தொப்பியைக் கழற்றாமலே பேசுவார்.

நான் போடப்போகும் புல்லைக் காட்டினேன். "இது நம்ம பிள்ளையாருக்குப் போடுற அருகம்புல் மாதிரி இருக்கே?" என்றார். ஜாதி அதேதான், இது ஒட்டிப் படர்கிற ரகம் என்று நான் விளக்குவதற்குள் நீ முந்திக்கொண்டாய். "ஆமாம் சார், விக்னமே வராது."

விக்கினம் வந்தது. சித்திரையில் மழையாக வந்தது. நம் ஊரில் சித்திரை என்றால் தார் ரோடு செருப்பில் ஒட்டும். கோடை மழை ஒன்றிரண்டு வரும், மண் வாசனை கிளப்பிவிட்டுப் போய்விடும். அதை நம்பித்தான் நானும் கணக்குப் போட்டிருந்தேன். வெயில் அடிக்கும், தோண்டின குழி காயும், தண்ணீரை நாமே பாய்ச்சிப் புல்லை வளர்த்துக்கொள்ளலாம் என்று. அந்த வருஷம் வானத்துக்கு என்ன கேடோ, மத்தியானம் மூன்று மணியானால் மேற்கே இருட்டிக்கொண்டு வரும். தோண்டிய குழியெல்லாம் குளம். மோட்டார் வைத்து இறைத்துவிட்டு நிமிர்ந்தால் மறுபடி கொட்டும். நறுக்கித் தூவிய புல் மிதந்து ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். லாரிகள் கேட்டுக்குள் நுழைந்ததும் அச்சு வரைக்கும் புதையும்.

ஒருநாள் நீயும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு லாரியைத் தள்ள வந்தாய். சக்கரம் சுழன்றதில் இரண்டு பேருக்கும் தலை முதல் கால் வரை சேறு. அப்படியே தார்பாய்க்கு அடியில் ஒதுங்கி, என் ஊர் மணப்பாறை முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தோம். நீ ஒரு முறுக்கைத் தலையில் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டு செகரட்டரி குரலில், "வாட் இஸ் திஸ் ரெயின்? ஹூ கேவ் பெர்மிஷன்?" என்றாய். கூலி ஆட்களை மேய்த்துக்கொண்டிருந்த ராசாத்தி சிரித்துச் சிரித்துப் புரையேறி, முதுகில் தட்டவேண்டியதாயிற்று. அன்றைக்கு நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்கும் எரிகிறது.

எட்டுக் கிரீன்களை எப்படியோ ஒப்பேற்றினோம். ஏழாவதுதான் கழுத்தறுப்பு. மைதானத்திலேயே பள்ளமான இடம், சுற்றிலும் களிமண். குழி தோண்டி, குழாய் பதித்து, ஜல்லி பரப்பிவிட்டேன். அதற்குமேல் சுத்தமான மணல் நிரப்ப வேண்டும். மணல் லாரி உள்ளே வரமுடியவில்லை. பழைய பிரவுனிலிருந்து அள்ளிய ஆயில் மணலை வெளியே கொண்டுபோகிற டிப்பரும் வரமுடியவில்லை. அது மலை மாதிரி குழிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

அந்த நேரம் பார்த்து மணப்பாறையிலிருந்து போன். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன். நான் கிளம்பும்போது உன்னிடம் சொன்னது ஒரே விஷயம். ஞாபகம் இருக்கிறதா?

"மழை விட்டு லாரி வர்ற வரைக்கும் ஏழாவதைத் தொடாதே. போட்டி தள்ளிப் போகும்னு செகரட்டரிகிட்ட சொல்லிடு. எட்டுல ஆடட்டும்."

"நீ கவலைப்படாம அம்மாவைப் பாருடா. நான் பார்த்துக்கறேன்" என்றாய். என் தோளில் கை வைத்துச் சொன்னாய்.

நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் மழை பெய்துகொண்டுதான் இருந்தது. அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன், ஏழாவது கிரீன் தயார்! மட்டம் பார்த்து, புல் தூவி, உருளை ஓட்டி, சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. "எப்படிடா?" என்றேன். "வெயில் எட்டிப் பார்த்தது, டிராக்டர்ல கொஞ்சம் கொஞ்சமா மணலைக் கொண்டுவந்தோம்" என்றாய். பக்கத்தில் கிடந்த ஆயில் மணல் எங்கே என்றேன். "அதே டிராக்டர்ல வெளியே போயிடுத்து." நான் உன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வாய் மட்டும் இல்லை, இவனுக்குக் கையும் இருக்கிறது என்று ராசாத்தியிடம் பெருமை பேசினேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று அப்போது புரியவில்லை.

திறப்புப் போட்டி ஜோராக நடந்தது. மாலை, சால்வை, போட்டோ. ஆடி பிறந்தபோது ஏழாவதின் நடுவில் புல் பழுத்தது. அப்புறம் கறுத்தது. தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. பூஞ்சை என்று நினைத்து மருந்து அடித்தேன். வெட்டினேன், குத்தினேன், உரம் போட்டேன். தினம் விடிந்ததும் அங்கே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தப் புல்லோடு பேசிக்கொண்டிருந்தேன். மற்ற எட்டும் பச்சைப்பசேல் என்று இருக்க, இது மட்டும் அடுப்புக்கரி. ஆடவந்த மெம்பர்கள், "மணப்பாறை மாட்டுச் சந்தையில மிச்சமான புல்லா சார்?" என்று என் காதுபடவே கேட்டார்கள்.

கமிட்டி கூப்பிட்டது. நீளமான மேஜை, போண்டா, காபி. செகரட்டரி உன்னைப் பார்த்துத்தான் கேட்டார், என்ன ஆச்சு என்று. நீ போண்டாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்:

"புல் எல்லாம் அவன் டிபார்ட்மென்ட் சார். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. பாவம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம அவனுக்கு மனசு சரியில்லை. அதான் கவனம் சிதறியிருக்கும்."

என் அம்மாவையாடா இழுத்தாய்? என் அம்மா உனக்கு எத்தனை தடவை முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பியிருப்பாள்? அன்றைக்கும் நீ எனக்காகப் பரிந்துதான் பேசுகிறாய் என்று நினைத்துத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேனே, அந்த மடத்தனத்துக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். ஏழாவதைத் தற்காலிகமாக மூடினார்கள். இனிமேல் நான் கிளப்பில் கால் வைக்க வேண்டாம் என்று முடிவானது. நம் ஊரில் இந்த மாதிரிச் செய்திக்கு பஸ் தேவையில்லை. மைதானம் போடத் தேதி குறித்திருந்த பள்ளிக்கூடத்தில், "கோல்ஃப் கிளப்புல புல்லைக் கருக்கினது நீங்கதானுங்களே?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அதே கேள்வி. எனக்குப் படிப்பு பெரிதாகக் கிடையாது, சொத்து கிடையாது. இவன் கை வைத்தால் புல் பிடிக்கும் என்ற பெயர் ஒன்றுதான் இருந்தது. அது போய்விட்டது.

வாட்ச்மேன் தெரிந்தவர் என்பதால் ஒரு நாள் விடிகாலையில் உள்ளே போய், மண்வெட்டியால் கறுத்த இடத்தை வெட்டிப் பார்த்தேன். மேலே நாலு விரல்கடை நல்ல மணல். அதற்குக் கீழே கறுப்பு. கையில் எடுத்தால் பிசுபிசு. மோந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. பழைய பிரவுனை நீ வெளியே அனுப்பவே இல்லை. குழியை நிரப்ப நல்ல மணல் வரவில்லை, பக்கத்திலேயே மலையாக இது கிடந்தது, தள்ளி மூடிவிட்டாய். ஆயில் மணலில் தண்ணீர் இறங்குமா? வேர்தான் இறங்குமா?

நேரே ராசாத்தி வீட்டுக்குப் போனேன். "என்னங்க என்கிட்ட கேக்குறீங்க? நீங்கதானே போன்ல அந்த ஆயில் மணலையே போடச் சொன்னீங்க?" என்றாள். "ஐயா அப்படித்தானுங்களே சொன்னாரு. அதான் நீங்க வந்து அவரைப் பாராட்டினப்ப எனக்கு ஒண்ணும் புரியலைங்க."

கேட்டாயா? என் பெயரைச் சொல்லிப் போடவைத்திருக்கிறாய். சாட்சிக்கு ஒரே ஒரு ஆள், அவளும் எனக்கு எதிர்ச்சாட்சி.

அந்த மணலை ஒரு கேரிபேகில் அள்ளிக்கொண்டு டவுன் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்தேன். பஸ் முழுக்க நாற்றம், பக்கத்து சீட்டு அம்மா மூக்கை மூடிக்கொண்டார். உன் கூடத்தில் பேப்பரை விரித்துக் கொட்டினேன். நீ அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். காபியோடு வந்த வைதேகி நின்றுவிட்டாள். "மண்ணு சாம்பிள்மா" என்றாய் அவளிடம், கூசாமல்! அவள் டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"ஏண்டா செஞ்சே?"

"லாரி வரலைடா. தேதி வந்துடுத்து. எத்தனை பேருக்குப் பத்திரிகை போயிடுத்து தெரியுமா?"

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

நீ வேஷ்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தாய்.

"சரி, எனக்கு ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ அன்னிக்கே தோண்டியிருப்பே."

"தோண்டியிருப்பேன்தான்! தோண்டியிருந்தா புல்லு பொழைச்சிருக்கும், நானும் பொழைச்சிருப்பேன்."

அப்போது அழுதாய். எனக்கு அது பிடிக்கவில்லை. அழவேண்டியவன் நான். கடைசியில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அடுத்த கமிட்டியில நானே சொல்லிடறேன். பெருமாள் சத்தியமா" என்றாய். உன் பெருமாள்மேல் எனக்கு இருந்த மரியாதையில் நம்பினேன்.

அடுத்த கமிட்டி வந்தது. அன்றைக்குச் செகரட்டரி ஊரில் இல்லை என்றாய். அதற்கடுத்தது உன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள், இந்த நேரத்தில் பெயர் கெட்டால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றாய். சரி என்றேன். கல்யாணம் முடிந்தது, மார்கழி வந்தது. மார்கழியில் வேண்டாம், தை பிறக்கட்டும் என்றாய். ஒவ்வொரு தடவையும் "சொல்லிடறேன்டா, ஆயிடும்" என்றாய். அந்த ஆயிடும் என்ற சொல்லை எனக்கே திருப்பிவிட்டாய், பார்த்தாயா? நான் கிளப் கமிட்டி ஆகிவிட்டேன் உனக்கு.

மாசியில் ஒரு காலை, காபி டம்ளரோடு ஊஞ்சலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. "பெருமாள் திருவடி சேர்ந்துட்டார்" என்று உன் மருமகன் போனில் சொன்னார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அயோக்கியப் பயலே, சொல்லாமல் போய்விட்டாயே என்றுதான் வந்தது. அழுகை அப்புறம் கொள்ளிடக் கரையில் வந்தது. அதையும் மறைக்கவில்லை. ஆனால் எதற்காக அழுதேன் என்று கேட்டால் பாதி உனக்காக, பாதி எனக்காக.

இந்த வருஷம் தை முடிகிற சமயம் செகரட்டரியிடமிருந்து போன் வந்தது. ஏழாவதைத் திரும்பப் போட வெளியூர் ஆள் வருகிறார், அடியில் என்ன இருக்கிறது என்று வந்து சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். போனேன். அவர் நல்ல மனநிலையில் இருந்தார். "உங்கமேல எனக்கு வருத்தம் இல்லைங்க. உங்க ஃப்ரெண்டு எப்பவும் உங்களுக்காகப் பேசுவார். 'பாவம் சார் அவன், தெரியாம பண்ணிட்டான், விட்டுடுங்கோ'ம்பார். அப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?"

நீ சொல்லாமல் இருந்தாய் என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தேன்? நீ செய்ததற்கு நீயே எனக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாய்! அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மழை, லாரி, ஆயில் மணல், என் அம்மாவின் ஆபரேஷன், உன் சத்தியம், எல்லாவற்றையும். செகரட்டரி கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"செத்துப்போனவர் மேல பழி போடாதீங்க. நல்லா இல்லை."

உயிரோடு இருந்தபோது என் பெயரைக் கெடுத்தாய். செத்தபிறகு என் உண்மையைப் பொய்யாக்கினாய். இதைவிட ஒரு மனுஷனுக்கு இன்னொரு மனுஷன் என்ன செய்துவிட முடியும்?

மாசியில் உன் ஆப்திகம், முதல் வருஷத் திவசம், வந்தது. மறுநாள் சுபச் சாப்பாட்டுக்கு வைதேகி கூப்பிட்டிருந்தாள். வரக்கூடாது என்றுதான் இருந்தேன், அவள் முகத்துக்காக வந்தேன். எல்லாரும் சாப்பிட்டுப் போனபிறகு அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, நீங்க சரியாவே சாப்பிடலை. அவர் படத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கலை. அந்த மண்ணுதானே?"

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன்.

"அன்னிக்கு உள்ளே போனேனே தவிர, கதவுக்குப் பின்னாடிதான் நின்னுண்டிருந்தேன். சொல்லிடுங்கோ, சொல்லிடுங்கோன்னு தினம் பிடுங்கினேன். ஆகட்டும், ஆகட்டும்னார். நான் அப்பவே வந்து சொல்லியிருக்கணும், அவரை மீறி எப்படிப் பேசறதுன்னு இருந்துட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த கிளப் மனுஷாளெல்லாம் எப்போ அங்க இருப்பா?"

"எதுக்கும்மா?"

"நான் வந்து சொல்றேன்."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் வாய் வரவில்லை. எனக்கு என் பெயர் வேண்டியிருந்தது.

போன வாரம் வந்தாள். ஆட்டோ பிடிக்கிறேன் என்றேன், கேட்கவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பஸ், ஜங்ஷனில் இறங்கி இன்னொரு பஸ். அதற்குள் ஜேசிபி ஏழாவதைத் தோண்ட ஆரம்பித்திருந்தது. கறுப்பு மணல் குவியலாகக் கிடந்தது. சுற்றிச் செகரட்டரி, கமிட்டி ஆட்கள், புது காண்ட்ராக்டர். நான் பேச வாயெடுத்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். வண்டிச் சத்தத்தை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார்கள்.

"நான் அவரோட ஆத்துக்காரி. இந்த மண்ணைப் போட்டது எங்காத்துக்காரர்தான். இவர் அப்போ ஊர்லயே இல்லை, அம்மாகூட ஆஸ்பத்திரியில இருந்தார். இவர் போட வேண்டாம்னுதான் சொல்லிட்டுப் போனார். எங்காத்துக்காரர் இவர் பேரைச் சொல்லிப் போட வச்சார். உங்ககிட்ட சொல்றேன் சொல்றேன்னுட்டு சொல்லாமலே போயிட்டார். இது எனக்கு நன்னாத் தெரியும். தப்பு அவர் பேர்ல."

குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. வெயிலில் நெற்றி வேர்த்து வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. செகரட்டரி தொப்பியைக் கழற்றினார். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "என்னை மன்னிச்சிடுங்க. இந்த வேலையை நீங்களே பண்ணிக் கொடுங்க" என்றார்.

நான் இதற்காக எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா? கனவில்கூட வந்திருக்கிறது. கனவில் நீ சொல்வாய், நான் உன்னைத் திட்டிவிட்டுத் தோளில் கை போடுவேன். நடந்தது இது. உன்னோடு குடும்பம் நடத்தியவள், உன் திவசத்துக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த ஈரம் காயாமல், அந்நிய ஆண்கள் நடுவில் நின்று, தப்பு அவர் பேர்ல என்று சொல்லவேண்டியதாயிற்று. அதைச் சொல்லவேண்டிய வாய் உன்னுடையது. ஊரையே வளைத்துப் போட்ட வாய். எனக்காக ஒரு நிமிஷம் திறக்க முடியாமல் போன வாய். அந்தக் கறுப்பு மணல்மேல் நின்றுகொண்டு உன்னை நான் வெறுத்த மாதிரி என் ஆயுசில் யாரையும் வெறுத்ததில்லை. இத்தனைக்கும் அந்த நிமிஷம் பக்கத்தில் நீ இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

வேலையை ஒத்துக்கொண்டேன். நாளை மணல் வருகிறது. மழை வந்தால் தள்ளிப்போகும் என்று முதலிலேயே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். எனக்குப் பேச வராது என்று இனி யாருக்குப் பின்னாலும் நான் நிற்கப்போவதில்லை.

அன்றைக்கு வைதேகியை பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் கூட நடந்தேன். நிழற்குடையில் உட்கார வைத்து, பெட்டிக்கடையில் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கேட்டாள்.

"இப்போவாவது அவர் மேல இருக்கிற கோபம் போயிடுத்தா அண்ணா?"

போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அவள் எனக்குச் செய்ததற்கு அந்த ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். நீயாக இருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பாய்.

"இல்லைம்மா" என்றேன்.

வைதேகி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் போகலைண்ணா" என்றாள்.